ஜன்னல் பக்கம் வராத ஆறு பேர்

ஜூலை 11

ரேடியோ,

இன்று நான் சொல்லாமல் விட்டது இது: "சார், முன்பெஞ்சுல இருக்கிற இந்த ஆறு பேரும் என் கிளாஸ் பிள்ளைங்க இல்ல."

ஒரு வரிதான். நாக்கு நுனிவரை வந்தது. சாக்பீஸைக் கையில் எடுத்தேன், வரி உள்ளே போய்விட்டது.

இன்று என் முதல் மதிப்பீட்டுப் பாடம். இன்னும் ஒன்று பாக்கி. இரண்டையும் சேர்த்துத் தேறினால் பயிற்சி முடிந்து வேலை. தவறினால் மறுபடியும் ஒரு பருவம். உனக்குத் தெரியாததா? நீ போன பருவம் இதே வகுப்பில், இதே வகுப்பாசிரியை, நம் வகுப்பம்மாவிடம் பயிற்சி எடுத்தவள். நிழல்கள் பற்றிய பாடம். டார்ச் லைட்டும் அட்டையில் வெட்டிய உருவங்களுமாக உள்ளே போனேன். நம் மேற்பார்வை விரிவுரையாளர், நாம் 'அளவுகோல்' என்று பெயர் வைத்தோமே அவர்தான், பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். முன்பெஞ்சைப் பார்த்தேன். எண்ணெய் தடவி வாரிய ஆறு தலைகள். ஒன்றையும் எனக்குத் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்காரும் என் ஆறு பேரையும் காணவில்லை.

இந்தப் புது ஆறு பேரும் பிரமாதம். நான் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்கினார்கள். முந்தின நாள் வகுப்பம்மாவிடம் காட்டிய பாடக்குறிப்பில் 'மாணவர் செயல்பாடு' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதியிருந்தேனோ, அதே சொற்களில் பதில் வந்தது. என் கையெழுத்து எனக்கே எழுந்து நின்று பதில் சொன்ன மாதிரி இருந்தது. அளவுகோல் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்: மிகச் சிறப்பு.

மணி அடித்ததும் வெளியே ஓடினேன். என் ஆறு பேரும் மைதானத்தின் மூலையில் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தாலே "அப்ப டீச்சர்" என்று ஆரம்பிப்பாளே ஒருத்தி, நான்கூட 'அப்ப' என்றே கூப்பிடுகிறேன், அவள்தான் ஓடி வந்தாள்.

"டீச்சர், பாடம் நல்லா போச்சா? நாங்க சத்தமே போடல. ஜன்னல் பக்கம்கூட வரல."

அவர்கள் அளவுகோலின் கண்ணில் படாமல் இருந்தால் நான் பாஸ் ஆவேன் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் எனக்காக அதைச் செய்திருக்கிறார்கள். சந்தோஷமாக.

வகுப்பம்மாவிடம் கேட்டேன். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டுல நாலு நாற்காலி இரவல் வாங்குறதில்லையா? அதுமாதிரிதான்மா. பி பிரிவு டீச்சர் நல்லவங்க, கேட்டா குடுப்பாங்க" என்றார். பிள்ளைகள் நாற்காலி. நான் விருந்து வைப்பவள். சரி.

யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

கோட்டான்

*

ஜூலை 15

அடி ஊமைக்கோட்டான்,

முதலில் ஒரு பெருமூச்சு விடு. விட்டாயா? இப்போது படி. படித்து முடிக்கும்வரை கடிதத்தைக் கிழிக்கக் கூடாது.

வகுப்பம்மாவுக்குப் போன் போட்டது நான்தான்.

திட்டு. தாராளமாகத் திட்டு. ஆனால் நான் சொல்வதையும் கேள். "என் ஃப்ரெண்ட் வாயில்லாப் பூச்சி, அந்தக் கடைசி பெஞ்சை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா, கொஞ்சம் பாத்துக்குங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "நீ சொல்லணுமா? உனக்குப் பண்ணினது அவளுக்குப் பண்ண மாட்டேனா?" என்றார். ஆமாம், போன பருவம் எனக்கும் அதே ஆறு நாற்காலிதான். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று தெரியும்.

இந்தப் பருவம் எனக்குப் போட்ட புதுப் பயிற்சிப் பள்ளியிலும் இதே கதை. எல்லாப் பள்ளியிலும் இதே கதை. ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

உன் அண்ணன் வீட்டில் நீ எங்கே படுக்கிறாய் என்று நான் பார்த்திருக்கிறேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே அந்த நடையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில். அண்ணி தண்ணீர் குடிக்கப் போனால் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ புத்தகத்தைப் போர்வைக்குள் வைத்துப் படிப்பாய். வேலை கிடைத்தால் ஆசிரியர் குடியிருப்பில் ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். நம் விடுதி நாட்களில் நீ வேறு எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. உனக்கு அந்தக் கதவு வேண்டும் என்றுதான் செய்தேன். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

ஆறு பேர் ஒரு பீரியட் காகிதம் பொறுக்கினால் குடி முழுகிப் போகாது.

ரேடியோ

பி.கு. போன் எடுக்க மாட்டாயா? மூன்று முறை அடித்துவிட்டேன்.

*

ஜூலை 20

ரேடியோ,

போன் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன், சிரித்தால் சமாதானமாகிவிடுவேன். எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம்.

என் கதவைப் பற்றி வகுப்பம்மாவிடமும் சொன்னாயா? சொல்லியிருக்கிறாய். நேற்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், "பாவம், வீட்டுல படுக்கக்கூட இடமில்லாத பொண்ணு" என்றார். நான் உனக்கு மட்டும் காட்டிய இடம் அது. அண்ணிக்குக்கூட அது எனக்கு வலிக்கிறது என்று தெரியாது. என்னைக் காப்பாற்றுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, அதை விடு. பாடக்குறிப்புக்கு வருகிறேன்.

நினைவிருக்கிறதா, முதல் வாரத்தில் அளவுகோல் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? நோக்கங்கள் பகுதியில் 'புரிந்துகொள்வர்' என்று எழுதக் கூடாது. புரிவதை அளக்க முடியாது. 'கூறுவர்', 'பட்டியலிடுவர்', 'வேறுபடுத்துவர்' என்றே எழுத வேண்டும். அந்தப் பெயர் அவருக்கு வந்ததே அன்றைக்குத்தான். எனக்கு அது பிடித்திருந்தது, உண்மையாகவே. காற்றில் கைவீசாமல், பிள்ளை கடைசியில் என்ன செய்து காட்டும் என்று முன்கூட்டியே யோசிக்க வைக்கிறது. ஒவ்வொரு குறிப்பையும் மூன்று முறை திருத்தி எழுதினேன். நல்ல பாடக்குறிப்பு என்பது இன்னும் பார்க்காத ஒரு மணி நேரத்தை நேர்மையாகக் கற்பனை செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் இரண்டாவது பாடத்துக்கும் எழுதினேன். மிதப்பதும் மூழ்குவதும். 'மாணவர் செயல்பாடு' கட்டத்தில் என் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ அதை எழுதினேன். 'சிலர் கனமானது மூழ்கும் என்பர். ஒருவன் கப்பலுக்கு இன்ஜின் இருப்பதால் மிதக்கிறது என்பான். ஒருத்தி, அப்ப இன்ஜினை நிறுத்தினால்? என்பாள்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் என்ன செய்வேன் என்றும் எழுதினேன். இரவல் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் இந்தக் குறிப்பு நடக்காது. தப்பாகப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே.

அளவுகோல் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்னம்மா இது? பிள்ளைங்க தப்பா சொல்வாங்கன்னு நீயே எழுதி வச்சிருக்கே?"

"சொல்வாங்க சார்."

"சொல்லட்டும். எழுதாதே. பாடக்குறிப்புல மாணவர் தப்பு பண்ண மாட்டார். சரியான விடையளிப்பர். அவ்வளவுதான்."

"அப்ப நான் எதுக்கு சார்?"

அது அந்தப் பெண்ணின் பாஷை. என்னை அறியாமல் வந்துவிட்டது. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒரு பக்கம் முழுவதையும் குறுக்காக அடித்தார். "மறுபடி எழுதிட்டு வா."

இத்தனை வருடங்களாக, இத்தனை பயிற்சி மாணவர்கள் எழுதிய இத்தனை ஏடுகளில், ஒரு பிள்ளைகூட ஒரு கேள்விக்கும் தப்பாகப் பதில் சொன்னதில்லை. இது வகுப்பறையா, பஜனையா? தப்பு செய்யாத பிள்ளையைக் காகிதத்தில் உண்டாக்கிவிட்டோம். பிறகு அந்தக் காகிதத்துக்குப் பொருந்தாத உயிருள்ள பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிறோம். வகுப்பம்மாவைச் சொல்லி என்ன? ஆரம்பம் இந்தக் கட்டத்தில் இருக்கிறது.

மறுபடி எழுதினேன். 'சரியான விடையளிப்பர்.' ஆனால் பிள்ளைகளை மாற்ற விடமாட்டேன். இதை உனக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். யாருக்கும் போன் போடாதே.

கோட்டான்

*

ஜூலை 29

கோட்டான்,

போடவில்லை. போன் இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்கவில்லை.

கதவு விஷயத்தை நான் வகுப்பம்மாவிடம் சொன்னது தப்பு. என் வாய்க்குப் பூட்டு கிடையாது. இதற்கு மேல் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, ரேடியோவுக்கு மெல்லிய குரல் வராது.

இப்போது என் கதையைக் கேள். யாரிடமும் சொல்லாதே, நீ யாரிடம் சொல்லப்போகிறாய்.

செவ்வாய்க்கிழமை என் கடைசி மதிப்பீட்டுப் பாடம். தாவரத்தின் பாகங்கள். இங்கேயும் இரவல் வந்தது. முந்தின நாளே கேள்வி பதில் எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாயிற்று. பாடம் ஜோராகப் போகிறது. மூன்றாவது கேள்விக்கு முன்னால் ஆணியிலிருந்து படம் விழுந்தது. அதைத் தூக்கி மாட்டிய பதற்றத்தில் மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு நாலாவதைக் கேட்டுவிட்டேன்.

"இலை ஏன் பச்சையா இருக்கு?"

ஒரு பையன் எழுந்தான். "தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது டீச்சர்!" கணீரென்று.

சரி, சமாளிப்போம் என்று அடுத்ததைக் கேட்டேன். "பூவோட வேலை என்ன?" அடுத்தவள் எழுந்தாள். "பச்சையம் இருப்பதால் டீச்சர்!"

கடைசிவரை அப்படியே, ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வி பின்னால். ரயில் பெட்டி கழன்று ஓடுகிற மாதிரி. ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை. நான் நிமிர்ந்து அளவுகோலைப் பார்த்தேன். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் குனிந்தபடியே டிக் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு டிக். என் பாடக்குறிப்பில் பதில்கள் அதே வரிசையில்தானே இருந்தன! கேள்வி அவர் காதில் விழவே இல்லை. 'திட்டமிட்டபடி நடந்தது' என்று எழுதி முதல் தர மதிப்பெண் போட்டார்.

மூன்று நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன். நாலாம் நாள் அந்தப் பையன் நடையில் என்னைப் பார்த்து, "டீச்சர், நான் கரெக்டா சொன்னேன்ல?" என்று கேட்டான். "சூப்பர்டா" என்றேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. இலை தண்ணீரை உறிஞ்சுவதால் பச்சையாக இருக்கிறது என்று அவன் இப்போது நம்புகிறானோ என்னவோ.

ஆனாலும் சொல்கிறேன், நீ இதில் தலையைக் கொடுக்காதே. முதல் பாடத்தில் உனக்கு நல்ல மதிப்பெண் இருக்கிறது. இரண்டாவதைச் சுமாராகச் செய்தாலும் தேறிவிடுவாய். வேலை கிடைக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கோபப்படு. அப்போது நானும் வந்து கூட உட்கார்ந்து கோபப்படுகிறேன்.

ரேடியோ

*

ஆகஸ்ட் 9

ரேடியோ,

முடிந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால், இரவல் ஆறு பேரும் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். என் ஆறு பேரும் உள்ளிருந்து எழுந்து வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பழகிவிட்டது.

"நீங்க உங்க கிளாஸுக்குப் போங்க. நீங்க உக்காருங்க" என்றேன்.

வகுப்பம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "உனக்கென்ன கிறுக்கா? சார் கேட்டுல இறங்கிட்டார்."

"இவங்க இருந்தாத்தான்மா பாடம். இல்லேன்னா நான் எடுக்கல."

"நல்லதுக்குக் காலமில்ல. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதே."

"அழ மாட்டேன்மா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பாடம் தொடங்கியது. ஆணி மூழ்கியது, பாட்டில் மூடி மிதந்தது. களிமண் உருண்டை மூழ்கியது. அதையே கிண்ணமாகப் பிசைந்து வைத்தால் மிதந்தது. வகுப்பே வாளியைச் சுற்றிக் குவிந்தது, அளவுகோலின் செருப்பு நனைந்தது. இன்ஜின் பையன் இன்ஜினைச் சொன்னான். அதுவரை எல்லாம் அவர் அடித்துவிட்ட பக்கத்தின்படி நடந்தது.

அப்போது அவள் எழுந்தாள்.

"அப்ப டீச்சர், மனுஷன் உயிரோட இருக்கும்போது தண்ணில மூழ்கிடுறான். செத்தா மிதக்கிறான். அப்ப செத்தா எடை குறைஞ்சிடுமா?"

எந்தக் கட்டத்திலும் நான் இதை எழுதவில்லை. அடிக்கப்பட்ட பக்கத்திலும் இல்லை.

"எனக்குச் சரியா தெரியலம்மா. யாருக்கு என்ன தோணுது?" என்றேன். அளவுகோலின் பேனா நின்றது. ஆசிரியர் தெரியாது என்று சொல்வதற்கும் கட்டம் கிடையாதே.

ஒருவன் ஆவி போய்விடுவதால் என்றான். ஒருத்தி துணி ஊறிப்போவதால் என்றாள். அப்புறம் அந்த ஆறு பேரில் ஒருவன், இந்தப் பருவம் முழுக்க என்னிடம் வருகைக்கு "உள்ளேன்" சொன்னதைத் தவிர வேறு வார்த்தை பேசாதவன், வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கிண்ணத்துக்குள்ள காத்து இருக்குல்ல. அதுமாதிரி உள்ள ஏதாச்சும் காத்து வந்திருக்கும்."

நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, ரேடியோ. உருண்டையிலிருந்து கிண்ணத்துக்கும் கிண்ணத்திலிருந்து அங்கேயும் அவனே போனான். அதற்கப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மணி அடித்துவிட்டது. தொகுப்புரை இல்லை, மதிப்பீட்டு வினாக்கள் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை.

ஆசிரியர் அறையில் அளவுகோல் செருப்பைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோபமாக இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பாதிக் குறிப்பு நடக்கவே இல்லம்மா. இதுக்குக் குறைச்சுத்தான் போட முடியும். ஆனா போன பாடத்துல நல்ல மார்க் இருக்கு. ரெண்டும் சேர்த்தா தேறிடுவே. கவலைப்படாதே."

கையில் கதவைக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு வாயை மூடினால் போதும். வாயை மூடுவதில்தான் எனக்கு விடுதியிலேயே பெயராயிற்றே.

"சார், போன பாடத்துல முன்பெஞ்சுல இருந்த ஆறு பேரும் என் கிளாஸ் பிள்ளைங்க இல்ல. பக்கத்துப் பிரிவுலேர்ந்து வந்தவங்க. பதிலெல்லாம் முன்னாடியே சொல்லிக்கொடுத்தது."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா சார்?"

"எல்லா ஸ்கூல்லயும் உண்டு. பிள்ளைங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். அதனாலதான் நான் மூஞ்சியைப் பாக்கிறதில்ல."

எனக்குத் தலைக்கு ஏறியது. இந்த மனிதர் தூங்குகிறார் என்று நாம் நினைத்தோம், உன் டிக் கதைக்கு நானும் சிரித்தேன். அவர் தூங்கவில்லை. தூங்குவதுபோல நடிக்கிறவரை எழுப்ப முடியாது என்பார்களே, அதுதான் எதிரில் உட்கார்ந்திருந்தது. "அப்புறம் ஏன் சார் மிகச் சிறப்புன்னு எழுதினீங்க?" என்று கத்திவிட்டேன். வெளியே பியூன் எட்டிப் பார்த்தார்.

"தெரியுங்கிறது வேற, நீ வந்து சொல்றது வேற. நீ சொன்னதுக்கப்புறம் நான் தெரியாதவன் மாதிரி இருக்க முடியாது. முதல் பாடத்தை ரத்து பண்ணணும். ரத்து பண்ணினா நீ தேற மாட்டே. வாபஸ் வாங்கிக்கிறியா? நான் காதுல வாங்கல."

"வாங்கல சார்."

"உன் ஃப்ரெண்டுக்கும் இப்படித்தானா?"

"அதை அவங்களையே கேளுங்க சார்."

நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை. இரண்டும் என் வேலை இல்லை என்று தோன்றியது.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. நடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதுவரை இரண்டு முறை என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

கோட்டான்

*

அக்டோபர் 2

கோட்டான்,

உன் கடிதம் வந்து இத்தனை நாளாகப் பதில் எழுதாதது இதுதான் முதல் முறை. இந்த ரேடியோ பழுதாகிக் கிடந்தது.

முதலில் கோபம். பைத்தியக்காரி, யாராவது கையில் வந்ததைக் கீழே போடுவார்களா என்று பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தேன். அப்புறம் பயம், அளவுகோல் என்னைக் கூப்பிடுவார் என்று. அவர் கூப்பிடவே இல்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியாது. நானாகப் போய்ச் சொல்லவில்லை, அது உனக்குத் தெரிந்திருக்கட்டும். அம்மா எல்லாரிடமும் மகள் டீச்சர் என்று சொல்லியாகிவிட்டது. இதை நியாயம் என்று சொல்லவில்லை.

எனக்கு வேலை வந்துவிட்டது. குடியிருப்பில் அறையும். கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் போட்டால் மூச்சு முட்டுகிறது, திறந்தே வைத்திருக்கிறேன். பார், யாருக்கு எது கிடைக்கிறது.

போன வாரம் பக்கத்துப் பிரிவு டீச்சர் வந்தார். "எங்க கிளாஸுக்கு ஒரு பயிற்சிப் பொண்ணு வந்திருக்கு. நாளைக்கு சார் வர்றார். நல்ல பிள்ளைங்களா ஒரு ஆறு பேரைக் குடேன்."

நான் உன்னைப்போல நெஞ்சை நிமிர்த்தவில்லை. "ஐயோ, நாளைக்கு டெஸ்ட் வச்சிருக்கேன், ஒருத்தரையும் அனுப்ப முடியாதே" என்றேன். டெஸ்ட் எதுவும் இல்லை. பொய்தான். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார், அங்கே கிடைத்தது. அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு யார் போன் போட்டார்களோ.

என்னால் அவ்வளவுதான் முடிந்தது. நீ இன்னும் கோபமாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது.

ரேடியோ

*

நவம்பர் 6

ரேடியோ,

இருக்கிறேன். ஆனால் போன் எடுப்பேன்.

முதல் பாடம் ரத்தானது. நான் தேறவில்லை. பயிற்சியை அதே பள்ளியில், அதே வகுப்பில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். தையல் மெஷினைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டிருக்கிறார், அவ்வளவே. அளவுகோலை வேறு ஊருக்கு மேற்பார்வைக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக ஓர் அம்மா வருகிறார். என் பாடக்குறிப்பில் பிள்ளைகளின் தப்பான பதில்களை அவரும் சிவப்பில் அடித்தார்.

நேற்று மதிப்பீட்டுப் பாடம். வகுப்பம்மா காலையிலேயே என்னிடம் பேசாமல் ஆசிரியர் அறைக்குப் போய்விட்டார். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. வருகைப் பதிவு எடுத்தேன். ஆறு பேரும் இருந்தார்கள்.

கோட்டான்